பழைய கேஸ் பாய்லர் பற்ற மறுத்தால்: எதை முதலில் பார்ப்பது, எங்கே கையை எடுப்பது

வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் பாய்லர் குளிர் நேரத்தில் பற்றாமல் நின்றதும் பலரும் நேராக முன் தகட்டைக் கழற்றி, லைட்டரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். புதிதாக இந்த வேலையில் கை வைப்பவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், நேரம் வீணாவதும் ஆபத்து வருவதும் அங்கேதான் தொடங்குகிறது. பாய்லர் பற்ற வேண்டுமானால் அறையின் வெப்பத்தைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்க வேண்டும், மின்சாரம் இருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும், புகை வெளியே போக வழி இருக்க வேண்டும், பைலட், அதாவது பெரிய பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடர், எரிந்துகொண்டிருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால்தான் வால்வு கேஸை விடும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பாகம் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

கீழே சொல்வது பைலட் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், புகை தானாகவே குழாய் வழியே மேலேறும் பழைய வகைக்கு. எரியும் அறை முழுக்க அடைத்து ஸ்க்ரூ போட்ட வகை என்றால் அந்த மூடியைத் திறக்காதீர்கள். அதைத் திறந்து திரும்பச் சரியாக அடைக்காவிட்டால் புகை வீட்டுக்குள் வரும்.

1. முதலில் மூக்கு, அப்புறம் கை

பாய்லர் இருக்கும் அறைக்குள் போனதும் விளக்கு சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே முகர்ந்து பாருங்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலே போகும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் குனிந்தும் முகர வேண்டும்.

வாடை வந்தால் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஏனென்றால் சுவிட்ச் அணைக்கும்போதும் பொறி வரும். எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், வெளியே நின்று கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கொஞ்சம்தானே வாடை, ஜன்னலைத் திறந்துவிட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. சமீப நாட்களில் வீட்டில் இருக்கும்போது மட்டும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் பாய்லரைப் பற்றவைக்க முயலாதீர்கள். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல டார்ச், நீளமான லைட்டர், சின்னக் கண்ணாடி ஒன்று (பைலட் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத மூலையில் இருக்கும்), மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டர், சின்ன ஸ்பானர், நைஸான எமரி பேப்பர், பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர். கார்பன் மோனாக்சைடு அலாரமும் அதே அறையில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

பாய்லரின் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பழைய ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். பற்றவைக்கும் முறை, மாடல் எண், எந்த வகை கேஸ் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். கழற்றும் முன் ஒவ்வொரு வயரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பியவர்கள் மாட்டும்போது திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பழைய பாய்லர்களிலும் குழாய்களிலும் சுற்றியிருக்கும் வெள்ளைச் சாந்து, கயிறு, துணி போன்ற உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டாதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், உதிர்ந்திருந்தால் பெருக்கவும் வேண்டாம்.

3. பாய்லரிடம் யாராவது சூடு கேட்டார்களா?

தெர்மோஸ்டாட்டை அறையின் வெப்பத்தைவிட 5 டிகிரி மேலே வையுங்கள். பழைய வகையில் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பேட்டரி போட்டதென்றால் புது பேட்டரி போடுங்கள், திரையில் எண் தெரிகிறது என்பதற்காகப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. திரைக்குப் போதுமான சக்தி, உள்ளே இருக்கும் ரிலே என்ற மின்காந்த சுவிட்சை இழுக்கப் போதாமல் போகும்.

டைமர் இருந்தால் அதில் மணி சரியா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் மணி மாறி, பாய்லர் நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கோடைக்கு மாற்றி வைத்த சுவிட்சைத் திருப்ப மறந்திருப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

தெர்மோஸ்டாட் வயர் இரண்டையும் பாய்லர் பக்கத்தில் ஒன்றாகத் தொடவைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. தொட்டதும் பர்னர் பற்றினால் கோளாறு தெர்மோஸ்டாட்டிலோ அதன் வயரிலோதான். ஆனால் இது 24 வோல்ட் அமைப்புக்கு மட்டும். சில நாடுகளில் தெர்மோஸ்டாட் வயரிலேயே 230 வோல்ட் ஓடும். மீட்டரில் அளந்து உறுதி செய்யாமல் இதைச் செய்யாதீர்கள்.

4. மின்சாரம்

பிரேக்கர் விழுந்திருக்கிறதா, ப்யூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். பாய்லர் பக்கத்திலோ படிக்கட்டு மேலேயோ அதற்கென்று தனி சுவிட்ச் ஒன்று இருக்கும், அதை விளக்கு சுவிட்ச் என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். மாற்றிய ப்யூஸ் உடனே திரும்பப் போனால் பெரிய ப்யூஸ் போட்டு ஏமாற்றாதீர்கள். பம்ப்போ வயரோ எங்கோ ஷார்ட் ஆகிறது, அங்கே நிறுத்துங்கள்.

மிகப் பழைய சில பாய்லர்களுக்கு வீட்டு மின்சாரமே வேண்டாம். பைலட் சூட்டிலிருந்து தெர்மோபைல் என்ற பாகம் கிட்டத்தட்ட அரை முதல் முக்கால் வோல்ட் உண்டாக்கி அதிலேயே வால்வை இயக்கும். உங்களுடையது அந்த வகை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

5. கேஸ் வந்து சேர்கிறதா

கேஸ் வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தால் பற்றவைத்துப் பாருங்கள். அடுப்பும் எரியவில்லை என்றால் பாய்லரைத் தொந்தரவு செய்வதில் அர்த்தமில்லை.

சிலிண்டர் காலியாகிப் புதிது மாட்டியிருந்தாலோ, குழாயில் வேலை நடந்திருந்தாலோ உள்ளே காற்று புகுந்திருக்கும். அப்போது பைலட் பற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். சீக்கிரம் காற்றை வெளியேற்றலாம் என்று குழாயின் இணைப்பைத் தளர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

6. தண்ணீர்

அழுத்தமானியைப் பாருங்கள். மூடிய சுற்றில் தண்ணீர் ஆறியிருக்கும்போது பொதுவாக 1 முதல் 1.5 பார், அதாவது ஏறக்குறைய 15 முதல் 22 பி.எஸ்.ஐ. இருக்கும். சில அமைப்புகளில் 12 பி.எஸ்.ஐ.யே வழக்கம். முள் பூஜ்யத்தில் கிடந்தால், தண்ணீர் குறைவைக் கண்காணிக்கும் கருவி உள்ள பாய்லர் பற்றவே பற்றாது, அது சரியும்கூட. நீராவி வகை என்றால் பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்து சூடாகிக் கிடக்கும் பாய்லரில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவது. வார்ப்பிரும்பு வெடித்துப் பிளக்கும், தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிச் சீறும். முழுக்க ஆறும்வரை, தேவைப்பட்டால் பல மணி நேரம், காத்திருங்கள். அப்புறம் மெதுவாக நிரப்புங்கள். சில நாட்களில் முள் திரும்ப இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். வாராவாரம் நிரப்பிக்கொண்டே இருப்பது தீர்வில்லை, புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் உள்ளிருந்து இரும்பைத் தின்னும்.

7. பைலட் ஏற்றுவது

இப்போதுதான் முன் தகட்டைக் கழற்றலாம். கேஸ் வால்வின் மேல் ஒரு குமிழ் இருக்கும், அதில் மூன்று நிலைகள்: ஆஃப், பைலட், ஆன். தெர்மோஸ்டாட்டை முழுக்கக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் குமிழை ஆனுக்குத் திருப்பும்போது முகத்துக்கு நேரே முழு பர்னரும் ஒரே மூச்சில் பற்றும்.

குமிழை ஆஃபுக்குத் திருப்பி 5 நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். ஸ்டிக்கரில் அதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதன்படி. முன்னே தேங்கிய கேஸ் கலைந்துபோகத்தான் இந்த இடைவெளி. எல்லோரும் சுருக்க நினைக்கும் படி இதுதான், புருவம் கருகிப்போன கதைகளெல்லாம் இந்த ஐந்து நிமிடத்தைப் பொறுக்காமல் வந்தவைதான். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள், மனக்கணக்கு வேண்டாம். நடுவில் ஒருமுறை தரையருகே முகர்ந்து பாருங்கள்.

பிறகு குமிழைப் பைலட்டுக்குத் திருப்பி அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது பைலட்டுக்கு மட்டும் கேஸ் போகும். உடனே லைட்டரைப் பைலட் முனைக்குக் கொண்டுபோங்கள், அல்லது பொறி உண்டாக்கும் சிவப்புப் பொத்தான் இருந்தால் அதைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். முகத்தைத் திறப்புக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றியதும் கையை எடுக்க அவசரப்படாமல் ஒரு நிமிடம் அழுத்தியே பிடியுங்கள், ஏனென்றால் பைலட் சுடரில் நிற்கும் தெர்மோகப்பிள் என்ற உலோக முனை சூடேறி வால்வைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். பத்து நொடியில் கையை எடுத்துவிட்டு பைலட் நிற்கவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. அப்புறம் மெல்ல விடுங்கள். சுடர் அணையாமல் எரிந்தால் குமிழை ஆனுக்குத் திருப்பி, தெர்மோஸ்டாட்டை ஏற்றுங்கள்.

பற்றவேயில்லை என்றால் மறுபடி ஆஃப், மறுபடி 5 நிமிடம். மூன்று முறைக்கு மேல் முயல வேண்டாம்.

8. பைலட் பற்றுகிறது, கையை எடுத்ததும் அணைகிறது

தெர்மோகப்பிள் என்பது இரண்டு உலோகங்கள் சேர்ந்த ஒரு முனை. சுடரில் சூடாகும்போது கொஞ்சம் மின்சாரம் தரும், நல்ல நிலையில் 20 முதல் 30 மில்லிவோல்ட். அது வால்வுக்குள் ஒரு சின்ன மின்காந்தத்தைப் பிடித்து வைக்கும். பைலட் அணைந்தால் மின்சாரம் நின்று, காந்தம் விட்டு, கேஸ் மூடிக்கொள்ளும். உங்களைக் காப்பாற்றும் கருவி இது, அதனால்தான் குமிழை டேப் சுற்றி அழுத்தியபடி வைப்பது போன்ற வேலை கொலைக்குச் சமம்.

கையை எடுத்ததும் சுடர் அணைந்தால் எல்லோரும் புது தெர்மோகப்பிள் வாங்கி வருகிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு முறை மாற்றியும் அதே கதை என்று என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன். பைலட் சுடர் ஒல்லியாக, நுனியில் மஞ்சளாக, காற்றில் ஆடும் திரி மாதிரி சாய்ந்து தெர்மோகப்பிளின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. புது முனைக்கும் அதே கதிதான், சூடு போய்ச் சேரவே இல்லை. பைலட்டின் பக்கத்தில் காற்று இழுக்கும் சின்னத் துவாரத்தில் தூசும் சிலந்தி நூலும் பஞ்சு மாதிரி அடைத்திருந்தன. கேஸை மூடி, ஆறவிட்டு, டூத் பிரஷ்ஷால் தட்டி, ரப்பர் குழாயால் ஊதிவிட்டோம். மறுபடி ஏற்றியபோது சுடர் நீலமாக, இலேசாகச் சீறிக்கொண்டு, தெர்மோகப்பிளின் தலையைச் சுற்றி அணைத்தது. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

ஆகவே முதலில் சுடரைப் பாருங்கள். நீலமாக, நிலையாக, தெர்மோகப்பிளின் மேல்நுனி ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை சுடருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பைலட் துவாரத்துக்குள் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துவாரம் ஒரு மயிரிழை பெரிதானாலும் கேஸின் அளவே மாறிவிடும்.

சுடர் சரியாக இருந்தால் அளந்து பாருங்கள். தெர்மோகப்பிளின் மறுமுனையை வால்விலிருந்து கழற்றி, ஒருவர் குமிழை அழுத்திப் பிடித்தபடி பைலட்டை எரியவிடட்டும். மீட்டரின் ஒரு முனை தெர்மோகப்பிளின் செம்புக் குழாயில், மற்றது அதன் நுனிப் பொத்தானில். ஒரு நிமிடத்துக்குப் பிறகு 20 மில்லிவோல்ட்டுக்கு நன்றாகக் கீழே நின்றால் அதை மாற்றலாம். 25-க்கு மேல் காட்டியும் கையை எடுத்தால் அணைகிறது என்றால் தெர்மோகப்பிளை விட்டுவிடுங்கள், கோளாறு வால்வின் காந்தத்திலோ, அதற்கு நடுவில் பாதுகாப்பு சுவிட்ச் கோத்த இணைப்பிலோ இருக்கும். சில பழைய பாய்லர்களில் அதிக வெப்பத்தையோ புகைத் திரும்பலையோ கண்காணிக்கும் சுவிட்ச் இந்த மெல்லிய மின்சாரத்தின் வழியிலேயே கோத்திருக்கும். அதன் முனையில் கொஞ்சம் களிம்பு பிடித்தாலே போதும், தெர்மோகப்பிள் செத்தது மாதிரியே நடக்கும்.

மாற்றும்போது இரண்டு விஷயம். செம்புக் குழாயைக் கூர்மையாக மடிக்காதீர்கள். நட்டைக் கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று மட்டும் ஸ்பானரால் திருகுங்கள். கேஸ் கசியும் என்று பயந்து பலம் போட்டு முறுக்குவார்கள், ஆனால் அந்த நட்டு வழியாகக் கேஸ் போவதில்லை, மின்சாரம்தான். அதிகம் முறுக்கினால் நுனியின் காப்பு நசுங்கி, புதுப் பாகமே வேலை செய்யாது.

9. பைலட் எரிகிறது, பர்னர் பற்றவில்லை

குமிழ் பைலட்டிலேயே நிற்கிறதா, ஆனுக்குத் திருப்பினீர்களா? முதலில் இதைப் பாருங்கள்.

பிறகு சங்கிலியைப் பின்னோக்கிப் பிடியுங்கள். தெர்மோஸ்டாட் சூடு கேட்கும் நிலையில் வால்வின் இரண்டு வயர் முனைகளில் மீட்டரை வையுங்கள். 24 வோல்ட் அமைப்பில் அங்கே 24 வோல்ட் இருந்து பர்னர் பற்றவில்லை என்றால் வால்வுதான் கோளாறு, அது உரிமம் பெற்ற ஆளின் வேலை. வோல்ட் இல்லையென்றால் வால்வு நல்லதுதான், அதற்கு உத்தரவு வந்து சேரவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பொது வயரிலேயே (டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போகும் வயர்) வைத்துக்கொண்டு, மறுமுனையை டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒவ்வொரு சுவிட்சாக நகர்த்துங்கள். எந்த சுவிட்சின் ஒரு பக்கம் வோல்ட் இருந்து மறுபக்கம் இல்லையோ, அங்கேதான் நிற்கிறது.

வழியில் வரும் காவலாளிகள் இவர்கள்: தண்ணீர் அதிகம் சூடானால் வெட்டும் சுவிட்ச், புகை வீட்டுக்குள் திரும்பினால் வெட்டும் சுவிட்ச், சுடர் முன்புறம் பாய்ந்தால் வெட்டும் சுவிட்ச், புகைக்குழாயில் மோட்டார் வைத்த கதவு. அந்தக் கதவு முழுக்கத் திறந்து, திறந்தேன் என்று சொன்னால்தான் வால்வுக்கு மின்சாரம் போகும். பாதியில் சிக்கி நின்றால் பாய்லர் மொத்தமும் காத்துக்கொண்டே இருக்கும்.

சிவப்புப் பொத்தான் உள்ள சுவிட்ச் விழுந்திருந்தால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இரண்டாம் முறையும் விழுந்தால் அழுத்துவதை நிறுத்துங்கள். அது கெட்டுப்போய் விழுவது குறைவு, காரணத்தோடு விழுவதே அதிகம்: பம்ப் ஓடவில்லை, புகைக்குழாயில் பறவைக் கூடு, உள்ளே கரி. இந்தச் சுவிட்சுகளின் இரண்டு வயரையும் நேராக இணைத்து விட்டுவிடுவதைச் சிலர் தீர்வென்று சொல்லித் தருகிறார்கள். சுவிட்ச் அன்று சொன்னது உண்மையாக இருந்தால் வீட்டில் தூங்குகிறவர்கள் காலையில் எழாமல் போகலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

10. பைலட் எந்நேரமும் எரியாமல், தேவைப்படும்போது மட்டும் பொறியால் பற்றும் வகை

டிக் டிக் சத்தம் வந்து பைலட் பற்றாவிட்டால் பொறி முனைக்கும் பைலட்டுக்கும் உள்ள இடைவெளி, பீங்கான் விரிசல், கேஸ் வரத்து ஆகியவற்றைப் பாருங்கள். பற்றிச் சில நொடியில் அணைந்தால் சுடரை உணரும் கம்பியில் படிவு இருக்கலாம். மின்சாரத்தையும் கேஸையும் அணைத்து, கம்பியைக் கழற்றி எமரி பேப்பரால் இலேசாகத் துடைத்து மாட்டுங்கள்.

11. இங்கே கையை எடுங்கள்

பர்னர் தாமதித்து டம் என்று பற்றினால், முன் தகட்டில் கருகல் இருந்தால், சுடர் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால், பாய்லரைச் சுற்றிக் கரி படிந்திருந்தால், வால்வையோ கேஸ் குழாயையோ கழற்ற வேண்டி வந்தால், கேஸ் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பல நாடுகளில் கேஸ் பாகங்களைத் தொட உரிமம் கட்டாயம். கூப்பிடும்போது இதுவரை பார்த்ததை வரிசையாகச் சொல்லுங்கள்: பைலட் அணையாமல் எரிகிறது, தெர்மோகப்பிள் இத்தனை மில்லிவோல்ட், வால்வில் வோல்ட் இல்லை. வந்தவர் பாதி வேலையை அங்கிருந்தே தொடங்குவார்.

12. பற்றிய பிறகு

பற்றியதும் தகட்டை மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு முழுச் சுற்று முடியும்வரை அங்கேயே இருங்கள். பர்னர் சுடர் எல்லா இடத்திலும் நீலமாக, ஒரே உயரத்தில் இருக்கிறதா பாருங்கள். கை பட்ட இடத்தின் அருகே கேஸ் இணைப்பு இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

ஐந்து நிமிடம் எரிந்தபின் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைப் புகைக்கூம்பின் (பாய்லரிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் திறந்திருக்கும் கூம்பு) ஓரத்தில் பிடியுங்கள். வீட்டுக் கதவு, ஜன்னல் மூடியிருக்க, காற்றை வெளியே தள்ளும் ஃபேன்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யுங்கள், கஷ்டமான நிலையில்தான் உண்மை தெரியும். புகை உள்ளே இழுபட்டால் சரி. உங்கள் முகத்தை நோக்கித் திரும்பினால் உடனே அணையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் குறைத்து பர்னர் அணைகிறதா, பைலட் மட்டும் அணையாமல் எரிகிறதா பாருங்கள். மறுபடி ஏற்றுங்கள். இரண்டாம் முறையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் பற்றினால் தகட்டை மாட்டி, தேதியையும் என்ன செய்தீர்கள் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.